மீன் வறுக்கும் சுதந்திரம்

"உங்க சமையல்காரர் ஆர்வின் எத்தனை மணிக்கு வரணும்னு யார் சொல்றாங்க?"

"நான்தான்."

"அடுப்பு, வாணலி எல்லாம்?"

"என்னுதுதான்."

"மீனை எப்படி வறுக்கணும்னு?"

"அதுவும் நான்தான். பின்ன, சாப்பிட வர்றவனா சொல்வான்?"

வருமான வரி அதிகாரி ஹெல்லர் பேனாவை மூடினாள். "அப்போ நீங்க கணக்குல எழுதியிருக்கிற மாதிரி அவர் காண்ட்ராக்ட்காரர் இல்ல மேடம், உங்க சம்பள ஆள். அவர் சம்பளத்துல வரி பிடிச்சு, உங்க பங்கையும் சேர்த்துக் கட்டியிருக்கணும். ஒரு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துட்டு முடிவு சொல்றேன்."

லவோன் ஷ்னைடருக்கு ரத்தம் கொதித்தது. புருஷன் ஓடிப்போய், பாங்கும் கையை விரித்த பிறகு ஒற்றை ஆளாக எழுப்பிய கடை அது. வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு, விஸ்கான்சின் மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள். பழைய வரியை எல்லாம் கட்டச் சொன்னால் கடையை விற்க வேண்டியதுதான்.

"வாஷிங்டன் சர்க்கார் என் அடுப்படியில வந்து சட்டம் பேசுதா? பார்த்துடறேன்!" என்று கத்தினாள். "ஆர்வின்! இன்னையிலேர்ந்து நீ சுதந்திர மனுஷன். இஷ்டப்பட்ட நேரத்துக்கு வா."

"சரிங்க முதலாளியம்மா" என்றான் சமையல்காரன் ஆர்வின். மறுநாள் வரவே இல்லை. ஏரியில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லவோனே மாவு கரைத்து மீனை வறுத்து, கையைச் சுட்டுக்கொண்டாள்.

அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்? "அடுப்பையும் வாணலியையும் நீயே வாங்கிக்கோ. ஒரு டாலர் குடு."

ஆர்வின் பையைத் துழாவினான். "அரை டாலர்தான் இருக்கு."

"அதைக் குடுய்யா!"

அன்றிலிருந்து காப்பி போடக்கூட அவனைக் கேட்க வேண்டியிருந்தது. "என் அடுப்பைக் கண்டவங்க தொடக்கூடாது" என்றான்.

காண்ட்ராக்ட்காரன் என்றால் லாப நட்டம் அவனுடையதாக இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். லவோன் கல்லாச் சாவியைத் தூக்கி அவனிடம் எறிந்தாள். அதன்பின் ஆர்வின் தூண்டிலை மறந்துவிட்டான். விடிந்ததும் கடைக்கு வந்தான்.

"லவோன், நேத்து ஏன் லேட்டு? கோஸை இன்னும் பொடியா நறுக்கு. உருளைக்கிழங்கை யார் உரிப்பா, உன் பாட்டனா?"

பல்லைக் கடித்துக்கொண்டு உரித்தாள். அந்த ஹெல்லர் முகத்தில் கரியைப் பூசுவதற்காக இதைவிடக் கேவலத்தையும் பொறுத்துக்கொள்ள அவள் தயார்.

ஹெல்லர் வந்த வெள்ளிக்கிழமை வாசல்வரை கூட்டம். லவோன் கையைத் துடைத்துக்கொண்டு சண்டைக்கோழியாக முன்னால் வந்து நின்றாள்.

"கேளும்மா, கேளு! அவன் வர்ற நேரம் அவன் இஷ்டம். அடுப்பு அவனுது. கல்லா அவனுது. நான் வாயே திறக்கறதில்ல!"

"நீங்க எப்போ வருவீங்க மேடம்?"

"அவன் சொல்ற நேரத்துக்கு!"

"உங்களுக்கு எவ்வளவு கிடைக்குது?"

"வாரம் முந்நூறு டாலர். அதையும் சண்டை போட்டுத்தான் வாங்குறேன், எவனுக்கும் பயந்தவ இல்ல நான்!"

ஹெல்லர் பேனாவைத் திறந்துகொண்டு ஆர்வின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சம்பள ஆள் இல்ல சார், ஒத்துக்கறேன். ஆனா, இந்த அம்மா சம்பளத்துல ஏன் இன்னும் வரி பிடிக்கல?"