மாமா பார்த்துவைத்த வேலையும் நான் கட்டிய பொட்டலமும்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா, அக்கா, நான் மூவரும் சௌக்கியம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் பார்த்துவைத்த வேலைக்கு நான் போகப்போவதில்லை. கிடங்கு அலுவலகம், மின்விசிறிக்குக் கீழே நாற்காலி என்றீர்கள். அதில் உட்கார்ந்து என்ன செய்யவேண்டும் என்று சொல்லவில்லை. பெட்டி கட்டும் பெண்களுக்கு நிறுவனம் கொடுத்திருக்கும் அரட்டைச் செயலியில் அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று படித்து மேற்பார்வையாளரிடம் ஒப்பிக்கவேண்டுமாம். அந்தப் பெண்களில் ஒருத்தி என் அக்கா. போன மாதம் அவளோடு வேலை செய்பவர், ‘கழிவறைக்குப் போனால்கூடக் கடிகாரத்தைப் பார்க்கிறான்’ என்று அதில் எழுதினார். மறுநாள் அவர் உட்காரும் முக்காலியைக் காணோம். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே கட்டுகிறார்.

“டேய், அவன் படிக்க முடியாத மாதிரி எங்களுக்கு ஒண்ணு போட்டுக் குடுடா. இத்தனை வருஷமா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து என்னதான் கத்துக்கிட்டே?” என்றாள் அக்கா.

அப்படி ஒரு நல்ல செயலி இருக்கிறது, இலவசம்தான். ஆனால் நான் அந்தப் பெண்களுக்குச் சரிசெய்து கொடுத்த பழைய கணினிகள் எல்லாம் இணையத்தில் இருக்கும் ஒரு பொதுக் கிடங்கிலிருந்து மட்டுமே மென்பொருளை எடுக்கும். பெயரைத் தட்டினால் போதும், கணினியே கொண்டுவந்து பொருத்திக்கொள்ளும். அந்தக் கிடங்கில் இந்தச் செயலி இல்லை. அங்கே ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொட்டலம்; யார் வேண்டுமானாலும் புதிய பொட்டலம் சேர்க்கலாம். அதற்கு ஒரு சீட்டு எழுதவேண்டும். என்ன பெயர், எந்தப் பதிப்பு, எங்கிருந்து எடுப்பது, யார் பொறுப்பு என்று இருபது வரி. அரை நாள் வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

சீட்டைச் சரிபார்க்க இணையத்திலேயே ஒருவர் வந்தார். அவருக்கும் சம்பளம் கிடையாது, தோரணை மட்டும் பத்திரப்பதிவு அலுவலகம். விளக்கம் என்ற இடத்தில் ‘முதலாளிகள் மூக்கை நுழைக்க முடியாத அரட்டைச் செயலி’ என்று எழுதியிருந்தேன். ‘விளக்கம் போதும், முழக்கம் வேண்டாம்’ என்று திருப்பினார். மாற்றினேன். கடைசியில் முற்றுப்புள்ளி கூடாது என்றார். எடுத்தேன். பொறுப்பாளர் பட்டியலில் என் பெயரை அடக்கமாகக் கடைசியில் சேர்த்திருந்தேன்; அகரவரிசைப்படி நடுவில் போகவேண்டுமாம். வரிசையில் எல்லாருக்கும் பின்னால் போய் நின்றதற்காக ஒருவனைக் கண்டிக்கும் இடம் உலகத்தில் அது ஒன்றுதான் மாமா. இதற்குள் செயலியின் புதிய பதிப்பு வந்துவிட்டது. சீட்டில் எண்ணை மாற்றினேன். அதற்குக் கீழே, வருகிற சரக்கு அசல்தானா என்று பார்க்கக் கைரேகை மாதிரி ஒரு நீளமான எழுத்துக்கோவை இருக்கும். அதை மாற்ற மறந்துவிட்டேன். கணினி என்ன செய்தது தெரியுமா? ‘இந்தக் கைரேகைக்காரர்தான் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறாரே’ என்று பழைய பதிப்பையே எடுத்துக் கட்டி, மேலே புது எண்ணை ஒட்டிவிட்டது. நானும் ஒரு வாரம் பழையதையே தட்டிப் பார்த்துவிட்டு, ‘புதிய பதிப்பு பிரமாதம், வேகம் கூடியிருக்கிறது’ என்று அவருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ‘கூடியிருக்க வாய்ப்பில்லை. கைரேகையைப் பார்க்கவும்’ என்று பதில் வந்தது.

“நான் ஒரு நாளைக்கு நானூறு பெட்டிக்குச் சீட்டு ஒட்டறேன். நீ மூணு வாரமா ஒரே பெட்டிக்கு ஒட்டறே. எங்க சூப்பர்வைசர் கையில மாட்டினா தொலைஞ்சே” என்றாள் அக்கா.

“அவனை விடுடி. சம்பளம் இல்லாத வேலைன்னா அவன் ரொம்ப சுத்தமா செய்வான்” என்றார் அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. ‘உங்களுக்கு வேறு வேலையே இல்லையா?’ என்று சரிபார்ப்பவரிடம் கேட்டேவிட்டேன். ‘இருக்கிறது. பேருந்து ஓட்டுகிறேன். இது சாப்பாட்டு இடைவேளை. நான்காவது வரியில் ஓர் இடைவெளி அதிகம்’ என்றார். இடைவெளியை எடுத்தேன். எனக்கு மேலே உட்கார்ந்து தப்புக் கண்டுபிடித்தவர்கள் நிறைய. அதில் தனக்கு ஒரு லாபமும் இல்லாமல் கண்டுபிடித்தவர் இவர் ஒருவர்தான்.

செவ்வாய்க்கிழமை பொட்டலம் ஏற்கப்பட்டது. பதினொரு பெண்கள் போட்டுக்கொண்டார்கள். முக்காலி பறிபோனவர் முதல் செய்தியாக மேற்பார்வையாளரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார். அக்கா படித்துவிட்டுச் சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் யாருடைய முக்காலியும் காணாமல் போகவில்லை. ஆகவே அந்த மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள்: அவர் நாற்காலியும் வேண்டாம், மின்விசிறியும் வேண்டாம். அந்த ஆளுக்காக நான் ஒரு பொத்தானைக்கூடத் தட்டமாட்டேன்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் ஆசியை மட்டும் அனுப்புங்கள். அறிவுரை போன தடவை அனுப்பியதே இன்னும் மிச்சமிருக்கிறது.

இப்படிக்கு,
வேலையில்லாத பொறுப்பாளர்,
உங்கள் மருமகன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பொட்டலத்தைப் பற்றி முதல் புகார் வந்துவிட்டது. பொதுக் கிடங்கு என்றால் யாருக்கும் பொது என்பதை நான் யோசிக்கவில்லை. எழுதியிருப்பவர் அக்காவின் மேற்பார்வையாளர். பெயர், பதவி, படம் எல்லாம் இருக்கிறது. மேலாளர் கண்ணில் படாமல் மேற்பார்வையாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள இதைப் போட்டிருக்கிறார்களாம். செய்தி வந்தால் அடிக்கும் மணியை அணைத்து வைத்தாலும் செயலியை மறுபடி திறக்கும்போது கணீரென்று அடிக்கிறது, மேலாளர் அறை பக்கத்திலேயே இருப்பதால் பயமாக இருக்கிறது, தயவுசெய்து கவனிக்கவும் என்கிறார். கவனித்தேன். தப்பு என் சீட்டில்தான். காலையிலிருந்து அதைத்தான் சரிசெய்துகொண்டிருக்கிறேன். சம்பளத்தோடு வேண்டாம் என்ற வேலையைச் சம்பளமில்லாமல் அதே ஆளுக்குச் செய்கிறேன் மாமா. அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.