சகலை பார்த்த பனி

ஊர் பார்க்கப் போகிறவர்கள் என்று எல்லாரையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அது தப்பு. கண்ணுக்காகப் போகிறவர்கள் ஒரு ரகம். அவர்கள் பாட்டுக்குப் போவார்கள், பார்ப்பார்கள், வந்து சோற்றைத் தின்றுவிட்டுத் தூங்குவார்கள். அவர்களைப் பற்றி எழுதி என்னத்தைக் கிழிக்கப் போகிறோம்? நான் சொல்ல வந்தது வாய்க்காகப் போகிறவர்களை. குற்றாலத்தில் அருவிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, தலை கலைந்துவிடும் என்று குளிக்காமல் திரும்புகிறவரும், கன்னியாகுமரியில் சூரியன் உதிக்கிற நேரத்தில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நம்ம ஊர்க்காரன் எவனாவது வந்து நம்மைப் பார்க்கிறானா என்று கூட்டத்தைத் துழாவுகிறவரும், விமானக்காரன் பெட்டியில் கட்டிவிட்ட அட்டையை அடுத்த தீபாவளி வரை அவிழ்க்காமல், கல்யாண வீடுகளுக்கும் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவரும் வேறு வேறு ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் ஒரே ஆள்தான். மதுரையில் தெருவுக்கு ஒருவராவது கிடைப்பார்.

வடக்கு வெளி வீதியில் பம்புசெட் கடை வைத்திருந்த கருத்தக்கண்ணன் இந்த ரகத்தில் அசல் சரக்கு. மழை பொய்த்த எண்பத்திரண்டாம் வருஷம் ஊரெல்லாம் கிணறு வற்றியது. கருத்தக்கண்ணனுக்கு மட்டும் ஊறியது. உசிலம்பட்டிப் பக்கமும் செக்கானூரணிப் பக்கமும் சம்சாரிகள் கிணற்றை ஆழப்படுத்தி, பழைய மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெரிய மோட்டாராக வாங்கிப் போட்டார்கள். விற்பனையைப் பார்த்து மயங்கிப்போன கோயம்புத்தூர்க் கம்பெனிக்காரர்கள், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் சுவிட்சர்லாந்துக்கு அனுப்புவதாகப் பரிசு அறிவித்தார்கள். சின்னப் பயணம்தான். அதிலும் மற்ற நாளெல்லாம் தொழிற்சாலை, விருந்து, பேச்சு என்று கம்பெனியே இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரே ஒரு நாள் உங்கள் இஷ்டம். பனிமலைக்கு ரயில் போகிறது, ஜெனிவாவில் ஏரி இருக்கிறது, மாட்டுப் பண்ணை உள்ள கிராமங்கள் இருக்கின்றன. எங்கே போக வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், ஏற்பாடு செய்கிறோம் என்று மேனேஜர் டிரங்க் கால் போட்டுக் கேட்டார்.

கருத்தக்கண்ணனின் மனைவி ஒச்சாயிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"ஏங்க, அந்தப் பனிமலைக்கே போவோம். ஒரே ஒரு தடவ அதக் கையில அள்ளிப் பாத்துட்டு வந்துருவோம்ங்க."

பொட்டல் காட்டில் பருத்தி எடுத்து வளர்ந்தவள். கல்யாணமான நாளிலிருந்து நகை கேட்டதில்லை, நட்டுக் கேட்டதில்லை. வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். நீங்களாக இருந்தால் சரி என்றிருப்பீர்கள். கருத்தக்கண்ணன் அப்படிச் சட்டென்று சொல்லிவிட முடியுமா? நடுவில் சகலை இருக்கிறாரே!

ஒச்சாயியின் அக்காள் புருஷன் காசிமாயன், மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு டூரிஸ்ட் பஸ்ஸில் காஷ்மீர் போய் வந்தவர். அன்றிலிருந்து சொந்தத்துக்குள் பனி அவருடைய பட்டா நிலமாகிவிட்டது. கல்யாணப் பந்தியில் ஐஸ்கிரீம் வைத்தால் காஷ்மீர், மார்கழியில் யாராவது தும்மினால் காஷ்மீர், கரண்ட் போய் விசிறி நின்றாலும் காஷ்மீர். "நான் பனியில நின்னப்ப" என்று அவர் ஆரம்பித்தால், கருத்தக்கண்ணன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதுபோலக் குனிந்துகொள்வார். மூன்று வருஷமாகத் தடவிக்கொண்டிருக்கிறார், பாவம்.

ஆகவே கடையில் ஆலோசனை நடந்தது. ஆலோசகர் பால்பாண்டி, பக்கத்துக் கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவர், கருத்தக்கண்ணன் வாங்கித் தரும் டீக்கு விசுவாசமானவர்.

"பனி ஆகாதுண்ணே. அது காசிமாயண்ணன் பாத்தது. நீங்க பனின்னு வாயத் தொறந்ததும் அவரு பாதியில புடுங்கிக்கிட்டு காஷ்மீருக்குப் போயிருவாரு. அம்புட்டு தூரம் போயிட்டு வந்து அவரப் பேசவிட்டு வேடிக்க பாக்கணுமா?"

"அப்ப ஏரி?"

"வைகை டேம்ல எடுத்த போட்டாம்பாய்ங்க."

"மாட்டுப் பண்ணை?"

"மாடு பாக்கவா ஏரோப்பிளேன் ஏறுனீகன்னு கேப்பாய்ங்கண்ணே."

இந்த ரகத்து ஆட்கள் ஊரைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று இப்போதாவது புரிகிறதா? யாருமே கேள்விப்படாத ஊராக இருந்தால் பொறாமைப்பட ஆள் இருக்காது. யாராவது பார்த்துவிட்ட ஊராக இருந்தால் அது எச்சில் இலை. எல்லாரும் கேள்விப்பட்டிருக்க வேண்டும், ஒருத்தனும் பார்த்திருக்கக் கூடாது. அப்படி ஓர் இடத்தைப் பால்பாண்டி இரண்டாவது டீயில் கண்டுபிடித்துவிட்டார்.

"அண்ணே, அந்த நாட்டுப் பேரச் சொன்னா நம்மாளுக எதப் பேசுவாய்ங்க? பேங்கு! பெரிய பெரிய ஆளுகல்லாம் பணத்தப் பதுக்கி வச்சிருக்கிற பேங்கு. அது வாசல்ல நின்னு ஒரு போட்டா. அம்புட்டுத்தான். காசிமாயண்ணன் மூச்சு விடுவாரா?"

கருத்தக்கண்ணன் அங்கேயே கோயம்புத்தூருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

"பேங்குல நமக்கு என்னங்க சோலி?" என்று ஒச்சாயி கேட்டாள்.

"ஒனக்கு வெளங்காது. பேசாம ஸ்வெட்டர எடுத்து வையி."

இந்த இடத்தில் எனக்குக் கேலி செய்ய மனசு வரவில்லை. ஆள் மேல் கோபம்தான் வருகிறது. அவளுக்கும் வந்திருக்கும். ஆனால் அவள் ஸ்வெட்டரை எடுத்து வைத்தாள்.

இஷ்டப்பட்ட நாள் ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. சூரிக் நகரத்தில் அந்த பேங்க் பூட்டிக் கிடந்தது. தூறல் வேறு. கருத்தக்கண்ணன் கோட்டின் பித்தானைப் போட்டுக்கொண்டு, பூட்டிய கதவுக்கு முன்னால், கணக்கு முடித்துவிட்டு வெளியே வருகிறவர் போல ஒரு காலை முன்வைத்து நின்றார். சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்த ஒச்சாயி, மலை எந்தப் பக்கம் என்று வண்டிக்காரனிடம் கையை உயர்த்திக் காட்டிக் கேட்டாள். அவன் ஒரு திசையைக் காட்டினான். அங்கே மேகம் மட்டும் இருந்தது. கிளம்பும்வரை அவள் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்ததும் சொந்தபந்தங்களைக் கூப்பிட்டுக் கறிவிருந்து. இலை எடுத்த பிறகு போட்டோ சுற்றுக்கு வந்தது. கருத்தக்கண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாங்க அங்க இருந்தப்ப" என்று தொடங்கினார். போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு பெரியவர், "நம்ம மேலமாசி வீதி பேங்கு மாதிரியே இருக்கேப்பா" என்று அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டார். அடுத்தவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது கெடக்கட்டும் சகல. பனி எப்படி இருந்துச்சு?" என்றார் காசிமாயன்.

"ஆமா, அதச் சொல்லுங்க" என்று கூடமே திரும்பியது. சுவிட்சர்லாந்து என்றதும் சனங்களுக்கு எது முதலில் ஞாபகம் வரும் என்பதைப் பால்பாண்டி டீக்கடையில் விசாரித்திருக்கலாம். பனிமலைக்குப் போகவில்லை என்று சொன்னால் மிச்சப் பொழுது முழுக்க காஷ்மீர்தான். அதற்கப்புறம் ஆயுசு முழுக்க அதுதான். வேறு வழியில்லாமல் கருத்தக்கண்ணன் ஒச்சாயியின் முகத்தைப் பார்த்தார்.

ஒச்சாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அத ஏன் மச்சான் கேக்குறீக! பனியில கால வச்சதும் ஒரு வாசம் வரும் பாருங்க, புதுசா இடிச்ச கொத்தமல்லி வாசம். கையில அள்ளுனா வெண்டக்கா மாதிரி கொழகொழன்னு ஒட்டிக்கிருது. சீயக்கா போட்டுத் தேச்சாத்தான் விடுது. உங்களுக்குத் தெரியாததா? காஷ்மீர்லயும் அந்த வாசம் இருந்துச்சுல்ல?"

காசிமாயன் கூடத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"இல்லாமயா? அதே வாசந்தான் கொழுந்தியா. ஊருக்கு வந்து குளிச்ச பெறகும் எனக்குக் கையில மணந்துச்சு."

ஒச்சாயி பனியைப் பார்க்கவில்லை என்பது அங்கே கருத்தக்கண்ணன் ஒருவருக்குத்தான் தெரியும். பார்க்காதவள் வாய்க்கு வந்ததை அளக்கிறாள். பார்த்தவர் அதற்கு ஆமாம் போடுகிறார். அப்படியானால்? மூன்று வருஷமாகத் தான் குனிந்துகொண்டது எந்தப் பனிக்கு? எந்தப் பனி எச்சில் என்று ஒதுக்கினாரோ, அதில் சகலையின் கால் பட்டதே இல்லை. அடப்பாவி, பொய்யா சொன்னாய் என்று எழுந்து சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. பிடிக்கலாம். ஆனால் பனியில் அப்படி ஒரு வாசமே கிடையாது என்று சொல்ல, தான் போய்ப் பார்த்திருக்க வேண்டுமே!

"என்ன சகல, நீங்களும் சொல்லுங்க. அந்த வாசந்தான?" என்றார் காசிமாயன்.

"ஆமா சகல" என்றார் கருத்தக்கண்ணன். "அதே வாசந்தான்."

ஒச்சாயி எச்சில் தம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் சிரித்ததாக யாரும் சொல்லவில்லை.

நீங்கள் சிரித்தீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் பனியில் கொத்தமல்லி வாசம் வராது என்று உங்களுக்கு அவ்வளவு நிச்சயமாக எப்படித் தெரியும்? போய்ப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால், இத்தனை நேரம் தெரிந்தவர் போல ஏன் தலையாட்டிக்கொண்டிருந்தீர்கள்? பார்த்தீர்கள் என்றால், அள்ளிய கை காய்வதற்குள் யார் முகம் உங்களுக்கு ஞாபகம் வந்தது?