தோடம்பழ வட்டங்கள்

மஹய்யாவவில் வாடகைக்கு இருந்த தம்பிராஜா, பதினாறு வருட இல்லறத்தில் முதல் தடவையாக, ஒரு வெள்ளிக்கிழமை காலை சவரம் செய்யும்போது சபதம் எடுத்தார்.

"இந்த வீட்டில ஆம்பிளை ஒருத்தன் இருக்கிறான் எண்டு இந்த முறையாவது தெரியவேணும்!"

மெதுவாகத்தான் சொன்னார். மனைவி தவமணி பக்கத்துக் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பார்சல். லண்டனில் இருக்கும் தவமணியின் தம்பி சுவரில் ஒட்டும் வோல்பேப்பர் பன்னிரண்டு சுருளும், அதே டிசைனில் இருபது யார் நீளத் திரைச்சீலைத் துணியும் அனுப்பியிருந்தான். டிசைன் என்றால் சும்மா டிசைன் அல்ல. சாப்பாட்டுக் கோப்பை அளவில் பளிச்சென்ற ஆரஞ்சாய்த் தோடம்பழ நிற வட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் மண்ணிற வட்டம். அதற்குள் மஞ்சள். நட்டநடுவில் கறுப்புப் பொட்டு. தாளை விரித்தால் முந்நூறு ஆந்தைகள் ஒரேயடியாக முழித்துப் பார்ப்பதுபோல் இருந்தது.

"தவம், இது லண்டன்காரர் பத்து வருசத்துக்கு முந்தியே கிழிச்செறிஞ்ச சாமானெல்லே?"

"அவையள் கிழிச்சால் எங்களுக்கென்ன? நாங்கள் இப்பதானே ஒட்டப்போறம்."

"எனக்குத் தலை சுத்துது."

"கண்ணை மூடிக்கொண்டு பேப்பரைப் படியுங்கோ."

"கண்ணை மூடிக்கொண்டு எப்பிடியப்பா படிக்கிறது?"

"இப்ப மட்டும் திறந்துகொண்டே படிக்கிறியள்? குறட்டை குசினிவரைக்கும் கேக்குது."

தம்பிராஜா பெரிய ஆயுதத்தை எடுத்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்திலிருந்து மூன்று வருடமாக அவர்களுடைய கட்டிலுக்குக் கீழே இரண்டு சூட்கேஸ்கள் அடுக்கியபடியே தயாராக இருந்தன.

"எப்ப ஓடவேணுமோ தெரியாது. ஓடேக்கை சுவரையும் உரிச்சுக்கொண்டா ஓடுறது?"

"ஓடுறவரைக்கும் வடிவான சுவரைப் பாத்துக்கொண்டு இருப்பம். மூண்டு வருசமாச் சூட்கேஸைப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு."

அவருக்கு நெஞ்சில் எங்கோ சுருக்கென்றது. ஆனால் சபதம் சபதம்தான்.

"வாடகை வீடெல்லே. மக்கீன் ஹாஜியாரைக் கேக்காமல் ஒரு ஆணியும் அடிக்கேலாது."

"ஓம், அது நியாயம்தான். நீங்களே போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோ."

தவமணி இவ்வளவு சுலபமாக ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டதே கிடையாது. வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பார்கள். தம்பிராஜாவோ பின்னேரம் வேலை முடிந்து கந்தோர் விட்டதும் துள்ளிக்கொண்டு வீட்டுக்காரர் மக்கீனின் குடைக்கடைக்குப் போனார்.

"ஹாஜியார், நீங்கள் ஒருக்கா வந்து 'என்ர சுவரில ஒண்டும் ஒட்டக்கூடாது' எண்டு சத்தம் போடவேணும்."

மக்கீன் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"வாறேன் ஐயா. திங்கக்கெழம வாறேன்."

சனிக்கிழமை காலை வானொலியில் ஊரடங்குச் சட்டம் அறிவித்தார்கள். திங்கள் காலை வரை யாரும் வெளியே போகக்கூடாது. தவமணி வானொலியை மூடினாள். கோதுமை மாவைக் கரைத்து அடுப்பில் பசை காய்ச்சினாள். பக்கத்து வீட்டு நவரட்ணராஜா அண்ணர் வேலிக்கு மேலால் தன்னுடைய ஏணியைக் கொடுத்தார்.

"ஹாஜியார் என்ன சொன்னவர்?" என்று தவமணி கேட்டாள்.

"திங்கக்கிழமை வந்து சொல்லுறாராம்."

"அப்ப அதுக்கிடையில ஒட்டிப்போடுவம். ஏறுங்கோ."

தம்பிராஜா உள்ளுக்குள் சிரித்தார். ஒட்டட்டும். திங்கட்கிழமை மக்கீன் வந்து கத்துவார், எல்லாம் கிழியும். பழி மக்கீனுக்கு, நல்ல புருஷன் என்ற பெயர் தனக்கு. இந்த அறிவை வைத்துக்கொண்டு தான் ஏன் இன்னும் கந்தோரில் படம் கீறிக்கொண்டிருக்கிறோம் என்றுகூட யோசித்தார்.

அவர் நில அளவைக் கந்தோரில் டிராஃப்ட்ஸ்மன். அதில்தான் வினையே இருந்தது. கிழியப்போகிற தாள்தானே என்று ஏனோதானோவென்று ஒட்ட அவரால் முடியவில்லை. ஒரு வட்டம் அரை நூல் கோணினாலும் உரித்து மறுபடி ஒட்டினார். அடிமட்டம் வைத்தார். தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டார். அரை வட்டத்தோடு அரை வட்டம் பொருந்தும்வரை மூச்சுவிடவில்லை. இரண்டு நாளும் அவர் ஏணியில் நின்றார், அறைக்குள் தவமணியின் தையல் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிறு பின்னேரம் கீழே இறங்கிப் பார்த்தபோது ஹோலின் நாலு சுவரிலும் ஒரு வட்டமும் பிசகவில்லை. அழகாகக்கூட இருந்ததுபோல் ஒரு சந்தேகம் வந்தது. உடனே கண்ணை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஊரடங்கு நீங்கியதும் மக்கீன் வந்தார். கூடவே அவர் மனைவி ருக்கியாவும் வந்தாள். மக்கீனைக் கண்டதும் தம்பிராஜாவின் வாய் பிளந்தது. ஹாஜியாரின் சேர்ட்டில், வயிற்றிலே மூன்று தோடம்பழ வட்டம். தோளிலே இரண்டு.

"சொல்லுங்கோ ஹாஜியார், சுவரைப் பாத்தீங்களெல்லே? சத்தமாச் சொல்லுங்கோ!"

மக்கீன் சுவரைப் பார்த்தார். ருக்கியாவைப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ், நல்லா ஈக்கி."

ருக்கியா விரலால் வட்டங்களைத் தடவிப் பார்த்தாள். "தவமணி புள்ள, ஏணியில ஏத்திட்டா ஐயா கச்சிதமாச் செய்வாருன்னு நீங்க சென்னது சரிதான். மிச்சம் நாலு சுருளையும் நாளக்கி எங்கட வூட்டுல ஒட்டட்டும்."

தம்பிராஜா மக்கீனை ஒரு பக்கம் இழுத்துப்போனார். "என்ன ஹாஜியார் இது?"

"நீங்க கடைக்கி வாறத்துக்கு மொத நாளே உங்கட நோனா தவமணி புள்ள துணியோட எங்கட வூட்டுக்கு வந்துட்டாங்க, ஐயா. நான் வியாழக்கெழமயே தோத்துட்டேன்."

தவமணி அறைக்குள்ளிருந்து ஒரு சேர்ட்டைக் கொண்டுவந்தாள். அதே வட்டம். அதே பொட்டு.

"திரைச்சீலை தைச்ச மிச்சம். போட்டுப் பாருங்கோ, அளவு சரியோ எண்டு."

போட்டார். அளவு சரியாக இருந்தது. அளவு பிழைத்திருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். தம்பிராஜா சுவரோரம் கிடந்த சாய்மனைக் கதிரையில் போய் விழுந்தார். அந்தக் கதிரைக்கும் புது உறை போட்டிருந்தது. எந்தத் துணியில் என்று கேட்கவும் வேண்டுமா?

அப்போது நவரட்ணராஜா அண்ணர் ஏணியை எடுத்துப்போக வந்தார். வாசலில் நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஹோல் முழுக்கப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார். எங்கும் வட்டங்கள்தான் தெரிந்தன. பிறகு குசினிப் பக்கம் குரல் கொடுத்தார்.

"தங்கச்சி, ஏணியைத் தூக்க ஒரு கை வேணும். வீட்டில ஆம்பிளை ஒருத்தரும் இல்லையோ?"

தவமணி வாய் திறக்குமுன் சுவரிலிருந்து தம்பிராஜாவின் குரல் வந்தது.

"இல்லை, அண்ணை."