உடைத்துப் பார்க்க விடாத லேப்டாப்

மரியே வாழ்க

திண்டிவனம்
25.9.2014

மரியாதைக்குரிய மச்சான் லூர்துசாமி அவர்களுக்கு, உங்கள் தங்கை அக்னஸின் வீட்டுக்காரன் மண்டி பாக்கியராஜ் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். மனசு ஒருவருக்கும் சுகமில்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா என்று எழுதவும். தேவலையாக இல்லாவிட்டாலும் இதைப் படித்து முடித்ததும் நீங்கள் பங்குச்சாமியார் பங்களா வரைக்கும் நடக்க வேண்டியிருக்கும்.

நடந்தது இதுதான். நேற்று விழுப்புரத்தில் லேப்டாப் வாங்கப் போன கடையில், உங்கள் மருமகள், என் பெண் பவுலினுக்கும் நீங்கள் பார்த்துக் கொடுத்த மாப்பிள்ளை ஜோஸ்வினுக்கும் பேச்சு முற்றி, அவள் நிச்சய மோதிரத்தைக் கழற்றிக் கடை மேஜைமேல் வைத்துவிட்டாள். கல்யாணம் நின்றுவிட்டது. வருகிற ஞாயிறு பூசையில் அங்கே உங்கள் கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசிக்க இருக்கிறார்கள். கோயிலில் ஊரறிய பெயரைப் படித்த பிறகு நிறுத்தினால் பெண் பிள்ளைக்குத்தான் பேச்சு. ஆகவே வாசிப்பதற்கு முன்னால் நீங்கள்தான் போய் நிறுத்த வேண்டும்.

போனில் சொல்லலாம்தான். சொன்னால் நீங்கள் பாதியில் குறுக்கே பேசுவீர்கள், அதற்குள் அக்னஸ் போனைப் பிடுங்கி அழுவாள், கடைசியில் பவுலின் மேல் தப்பா பையன் மேல் தப்பா என்பது போய், நிச்சயத்தன்று பிரியாணியில் உப்பு குறைவு என்பதில் வந்து நிற்கும். கடிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது.

நிச்சயத்தன்று சம்பந்தி என்ன சொன்னார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும், பக்கத்தில் நீங்கள்தான் உட்கார்ந்திருந்தீர்கள். ரொக்கம் வேண்டாம், நகை உங்கள் இஷ்டம், பையனுக்கு ஒரு லேப்டாப் மட்டும் எடுத்துக் கொடுங்கள் என்றார். ஒரு லேப்டாப்தானே என்று நானும் தலையாட்டிவிட்டேன். சரக்கைப் பார்க்காமல் நான் தலையாட்டிய ஒரே வியாபாரம் அதுதான். நேற்று அமாவாசை, மேல்மலையனூர்க் கோயில் கூட்டத்தில் அந்தப் பக்கத்துச் சரக்கு வண்டிகள் ஒன்றும் மார்க்கெட் கமிட்டிக்கு வராது, மண்டி சும்மாதான் இருக்கும், போய் வாங்கிவிடலாம் என்று பவுலினைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மாப்பிள்ளை பாண்டிச்சேரி பேங்கில் லீவு சொல்லிவிட்டு நேராகக் கடைக்கு வந்துவிட்டார். புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், உள்ளே போனால் பல் கிட்டுகிற மாதிரி ஏசி போட்ட கடை. டை கட்டின ஒரு பையன் வந்து என்ன பார்க்கிறீர்கள் சார் என்றான். மாப்பிள்ளை நேராக நடந்துபோய், முதுகில் கடித்த ஆப்பிள் படம் போட்ட ஒன்றின் பக்கத்தில் நின்றார். விலையைக் கேட்டேன். மச்சான், நான் முதன்முதலில் மண்டி எடுத்தபோது கொடுத்த அட்வான்சைவிட அது அதிகம். சரி, சொல்லுகிற விலை அப்படித்தான் இருக்கும், பாதியில் இருந்து ஆரம்பிக்கலாம் என்று பாதியைச் சொன்னேன். பையன் சிரித்தான். இது ஒரே விலை சார் என்றான். ஒரே விலை என்றால் விற்கிறவனுக்கு அல்லவா ஒரே விலை, வாங்குகிறவனுக்கு ஒரு விலை வேண்டாமா என்று கேட்டேன். அதற்கும் சிரித்தான்.

என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி மல்லாட்டையை எடுப்பேன், உடைப்பேன், உள்ளே இருக்கிற வேர்க்கடலைப் பருப்பைக் கடித்து ஈரம் பார்ப்பேன், அப்புறம்தான் வாயைத் திறந்து விலை சொல்வேன். மேலே இருக்கிற மல்லாட்டையைப் பார்த்து விலை சொன்னவர்களெல்லாம் கமிட்டியை விட்டுப் போய் வெகு காலமாகிறது. அந்த லேப்டாப்பைக் கையில் தூக்கிப் பார்த்தேன், கனம் இல்லை. முகர்ந்து பார்த்தேன், புது பிளாஸ்டிக் வாசனைகூட இல்லை. திருப்பிப் போட்டு, தம்பி, பின்பக்கத்தைக் கழட்டிக் காட்டு என்றேன். அந்தப் பையன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கழட்டினால் வாரண்டி போய்விடும் சார், வாங்கின பிறகு நீங்களும் கழட்டக் கூடாது என்றான். காசு என்னுடையது, பெட்டி என்னுடையது, உள்ளே பார்க்க எனக்கு உரிமை இல்லையாம்.

மாப்பிள்ளை என் காதோரம் குனிந்து, "மாமா, இதெல்லாம் ஒடச்சிப் பாத்து வாங்கற சாமான் இல்ல. எல்லாரும் பாக்கறாங்க" என்றார்.

பவுலின் அதுவரைக்கும் ஓரமாக இருந்த விலை குறைந்த லேப்டாப் ஒன்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அந்தப் பையனைக் கூப்பிட்டு, இதிலேயே விண்டோஸ் போடாத மாடல் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, சில ஆயிரம் குறையும் என்றான். எனக்குச் சில ஆயிரம் குறையும் என்றதும் காது விறைத்துக்கொண்டது. விண்டோஸ் என்றால் என்ன, அது இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்றேன். கம்ப்யூட்டரை எழுப்பி உட்கார வைத்து வேலை வாங்குவதே அதுதான், அது இல்லாவிட்டால் வேறு ஒன்று வேண்டும் என்று அந்தப் பையன் விளக்கினான். பவுலின், வேறு ஒன்று நான் போட்டுக்கொள்கிறேன், லினக்ஸ் என்று பெயர், அதற்குக் காசு கிடையாது என்றாள்.

காசு கிடையாது என்றால், முதல் வருஷம் மட்டும் கிடையாதா என்றேன். எப்போதும் கிடையாது. அப்படியானால் பழசா என்றேன். புதுசு. திருட்டுச் சரக்கா என்றேன். இல்லை, செய்கிறவர்களே கொடுக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் உள்ளே எப்படிச் செய்திருக்கிறது என்று திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்றாள். இதில் யாருக்கு என்ன லாபம் என்று டை கட்டினவனைக் கேட்டேன். எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் இல்ல சார் என்றான். மச்சான், ஒரு பெரிய அட்டைப் பெட்டி கிடந்தது, அதன்மேல் உட்கார்ந்து தண்ணி கேட்டேன். இத்தனை வருஷம் வியாபாரத்தில் மொத்தமாக ஏமாற்றுகிறவனைப் பார்த்திருக்கிறேன், சில்லறையாக ஏமாற்றுகிறவனைப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் லாபமில்லாத ஒரு சரக்கு உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

நான் தண்ணி குடித்து முடிக்கிறதற்குள் பவுலின் இன்னொன்றைச் சொன்னாள். நம் மண்டிக் கம்ப்யூட்டரிலும் ஆடி மாசத்திலிருந்து அதுதான் ஓடுகிறதாம். பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கு இனிமேல் மருந்து கிடையாது என்று கம்பெனிக்காரனே கைவிட்டுவிட்டானாம், அதனால் இவளாகவே மாற்றிவிட்டாளாம். ஆடி, ஆவணி முழுக்க நான் தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து பில் போட்டிருக்கிறேன். எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டதற்கு, ஸ்கிரீனில் வேளாங்கண்ணி மாதா படத்தை அதே இடத்தில் வைத்துவிட்டேன்ப்பா என்றாள். ஆமாம், மாதா இருந்தார்கள். நான் வேறு எதைப் பார்க்கப் போகிறேன்?

இதுவரைக்கும்கூட சமாளித்திருக்கலாம். மாப்பிள்ளை ஆப்பிளை விட்டு நகரவில்லை. இனிமேல் அதற்குத்தான் மாறப்போகிறேன் என்றார். என்ன வேலைக்கு என்று பவுலின் கேட்டாள். சும்மாதான், ஆபீசில் இரண்டு பேர் வைத்திருக்கிறார்கள் என்றார். எதுக்குன்னு சொல்லுங்க, அப்பாகிட்ட நானே பேசி வாங்கித் தர்றேன் என்றாள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கிப்டுக்கெல்லாம் எதுக்குன்னு கேப்பாங்களா பவுலின்?"

"கிப்டு உங்களுக்கு. எங்கப்பாவுக்கு அது ஒரு லோடு மல்லாட்ட. வெயில்ல நின்னுக்கினு வாங்குன மல்லாட்ட."

இப்போது வைத்திருக்கிற லேப்டாப்புக்கு என்ன கேடு என்று நான் நடுவில் கேட்டேன். ரொம்ப ஸ்லோ மாமா என்றார். அதில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்றாள் இவள். விண்டோஸ் என்றார். காசு கொடுத்து வாங்கியதா என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, பிரண்ட் ஒருத்தன் சிடியில் போட்டுக் கொடுத்தான், எல்லாரும் அப்படித்தானே என்றார். உங்கள் மருமகள் குரலை உயர்த்தவே இல்லை.

"ஓசியில குடுக்கறது வேணாங்கறீங்க. காசு கேக்கறத ஓசியில எடுத்துக்கறீங்க."

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை சிவந்துபோய் என் பக்கம் திரும்பி, மாமா, உங்க மண்டியில ஆடி வரைக்கும் எக்ஸ்பி ஓடுச்சே, அதுக்கு பில் வச்சிருக்கீங்களா என்றார். எங்கள் தெரு மெக்கானிக் ஒரு பை மல்லாட்டை வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்தது அது. நான் மறுபடி தண்ணி கேட்டேன். அப்பாவை அப்படிக் கேட்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மோதிரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். டை கட்டின பையன் அதை எடுத்து இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, எக்ஸ்சேஞ்ச் ஆபரில் தங்கம் எடுக்கிறதில்லை சார் என்றான். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். டோல்கேட் தாண்டியதும், நான் பேசினது தப்பாப்பா என்றாள். இரண்டு சீட்டுக்கும் நானே டிக்கெட் எடுத்தேனா இல்லையா என்பதுகூட நினைவில்லை.

கல்யாணம் நின்றதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் என்று உங்கள் தங்கை சொல்கிறாள். பவுலின் போய்விட்டால் மண்டியில் கணக்குப் பார்க்க ஆளில்லை, அதனால்தான் நான் கடையில் அவளை அடக்கவில்லை என்கிறாள். மச்சான், மண்டிக்கு ஆளில்லை என்பது நிஜம். சந்தோஷம் என்பது பொய். நேற்று சாயங்காலத்திலிருந்து அவள் சாப்பிடவில்லை. சாப்பிடாத பெண்ணை வைத்துக்கொண்டு கணக்கு எழுதி நான் யாருக்குக் கொடுக்கப் போகிறேன்?

ஆனாலும் முடிவு முடிவுதான். பையனுக்கு நீங்கள் குடும்பம் பார்த்தீர்கள், வேலை பார்த்தீர்கள், கோயிலுக்குப் போகிறாரா என்று பார்த்தீர்கள். உள்ளே உடைத்துப் பார்க்காமல் கொண்டுவந்துவிட்டீர்கள். சாமியாரிடம் சொல்லி ஓலையை நிறுத்தவும். சம்பந்தியிடமும் நீங்களே சொல்லிவிடவும், நான் பேசினால் விலை பேசுகிற மாதிரி இருக்கும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு மாதா எல்லா நன்மையும் தரட்டும், புத்தியையும் சேர்த்து.

இப்படிக்கு
உங்கள் மச்சான்
மண்டி பாக்கியராஜ்

பி.கு.: மேலே கண்டது அத்தனையும் ரத்து. வேறு தாளில் எழுதுங்கள் என்கிறாள் அக்னஸ். இவ்வளவு எழுதிய பிறகு அதை வீணாக்குவானேன் என்று இதிலேயே தொடர்கிறேன்.

கவர் ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது மண்டி வாசலில் பைக் வந்து நின்றது. மாப்பிள்ளை. தலை முழுக்க ஹைவே தூசி. தராசு மேடையில் துண்டை விரித்தார், பையிலிருந்து தன் பழைய லேப்டாப்பை எடுத்துக் கவிழ்த்து வைத்தார், ஸ்குரு டிரைவரால் பின்பக்கத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"மாமா, ஒடச்சி வச்சிட்டேன். பாத்துட்டு வெலை சொல்லுங்க."

டார்ச் அடித்துப் பார்த்தேன் மச்சான். உள்ளே சின்னதாக ஒரு காத்தாடி, அதைச் சுற்றி சிவப்பாக அடைத்துக்கொண்டு என்னமோ. கிள்ளி எடுத்துப் பார்த்தால் மல்லாட்டைத் தோல். நிச்சயத்துக்கு நான் வறுத்து அனுப்பினேனே அரை மூட்டை, அதைத் தினமும் அதன்மேலேயே வைத்துத் தின்றிருக்கிறார். என் சரக்குத்தான் அவர் லேப்டாப்பை ஸ்லோ ஆக்கியிருக்கிறது. பவுலின் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். இதுக்கா புதுசு கேட்டீங்க என்றாள். அவர், தொறந்து பாக்கணும்னு யாரும் சொல்லலியே என்றார். நேற்று மாமாகிட்ட அப்படிக் கேட்டது தப்பு என்றும் சொன்னார். அதை அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னதால் நான் எடுத்துக்கொண்டேன்.

மூட்டைத் தூசி ஊதுகிற மெஷினை எடுத்து அவளே ஊதினாள். பிறகு அந்த ஓசிச் சரக்கை அதில் ஏற்ற உட்கார்ந்தாள். மோதிரத்தை அவர் கடையிலிருந்து ரசீது எழுதிக் கொடுத்து வாங்கி வந்திருந்தார். நீட்டினார். அவள் வாங்கி மேஜைமேல் வைத்தாளே தவிர, போட்டுக்கொள்ளவில்லை. நானும் அக்னஸும் அந்த மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். லேப்டாப் எழுந்து, அவள் வேளாங்கண்ணி மாதா படத்தைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் போட்டுக்கொண்டாள். இப்போது இரண்டு பேரும் சாப்பிடுகிறார்கள். இதில் யாருக்கு லாபம் என்பது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆகவே சாமியாரிடம் போக வேண்டாம், ஓலை வாசிக்கட்டும். ஆனால் சம்பந்தி வீடு வரைக்கும் நீங்கள் நடந்துதான் ஆக வேண்டும். பேசி முடித்தது அவருக்கு இன்னும் தெரியாது.

பேசி முடித்தது: புது லேப்டாப் கிடையாது. லினக்ஸ் இலவசம். பேங்க் வேலைக்கு விண்டோஸும் வேண்டுமென்றால் மாப்பிள்ளை தன் சம்பளத்தில், பில்லோடு வாங்கிக்கொள்வது. கல்யாணத்துக்குப் பிறகும் பவுலின் வாரத்தில் மூன்று நாள் மண்டிக்கு வருவது, பஸ் செலவு என்னுடையது. மாசம் ஒரு பை வறுத்த மல்லாட்டை நான் அனுப்புவது, அதை லேப்டாப்புக்கு எட்டாத தூரத்தில் வைத்துத் தின்பது மாப்பிள்ளை பொறுப்பு.