துவைக்காத துணியின் மகிமை

முதியோர் இல்லத்து வாசலில் காலை எட்டு மணிக்கே செருப்பு விட இடமில்லை. ஈரத்துணிச் சாமி வருகிறாராம். மருந்துக்கு அடங்காத புண்ணை ஒரே துடைப்பில் ஆற்றுகிறவராம். ஆறு வாரமாக ஆற்றிக்கொண்டேதான் இருக்கிறார், புண்தான் ஒத்துழைக்கவில்லை.

ஏழாம் படுக்கையில் இருந்தவள் நர்ஸின் சித்தி. நாலு நாள் முன்புதான் படுக்கைப்புண்ணோடு வந்து சேர்ந்தாள். மற்ற ஆறு பேர் புண்ணிலும் எந்த மருந்துக்கும் சாகாத ஒரே கிருமி. சித்திக்கு அது இன்னும் தொற்றவில்லை. இன்றைக்குத் தொற்றிவிடக் கூடாதே என்று நர்ஸ் கட்டிலருகிலேயே காவல் நின்றாள்.

சாமி வந்தார். ஒரு சொம்பு, ஒரு துணி, தோளில் ஒரு பை. முதல் புண்ணைத் துடைத்தார், சொம்பில் நனைத்தார், அதே துணியால் அடுத்த புண்ணைத் துடைத்தார். துணியைத் துவைப்பதே கிடையாது. துவைத்தால் சக்தி கரைந்துவிடுமாம்.

“படுக்கைக்குப் படுக்கை தாவுற கெட்ட ஆவி இது,” என்றார்.

“ஆமாங்க, ஒருத்தரை விடாம தாவுது,” என்றார் மேனேஜர், கைகட்டி.

“ஆவி இல்லீங்க, கிருமி,” என்றாள் நர்ஸ். “போன வாரம் இந்தத் துணியில பஞ்சை ஒத்தி லேபுக்கு அனுப்பினேன். ஆறு பேர் புண்ணுல இருக்கிற அதே கிருமிதான் துணியிலயும்.”

சித்தியின் தலைமாட்டில் நின்ற சித்தப்பா முறைத்தார். “லேபுக்காரனுக்கு என்னம்மா தெரியும்? நீ தள்ளு. சாமி, நீங்க துடைங்க.”

நர்ஸ் சாமியின் கட்டைவிரலைப் பார்த்தாள். புத்தம்புது பிளாஸ்திரி.

“சரி சித்தப்பா. முதல்ல சாமி தன் வெட்டுக்காயத்தைத் துடைச்சுக்கட்டும். அப்புறம் சித்திக்கு.”

“சக்தி ஊராருக்குத்தான். நமக்கு நாமே பண்ணிக்கக் கூடாது,” என்றார் சாமி.

“அப்ப நான் துடைச்சு விடுறேன்.” கையுறை போட்ட கையால் துணியை எடுத்தாள்.

சாமி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தபடி பின்வாங்கினார். கதவில் முட்டியதில் பை கவிழ்ந்தது. உள்ளேயிருந்து உருண்டது கைக்குத் தடவும் கிருமிநாசினி, பாதி காலி.

“அடப்பாவி, உனக்கு மட்டும் மருந்தா?” சித்தப்பா பாட்டிலை எடுத்து நீட்டினார். சாமி சொம்பைக்கூட எடுக்காமல் நடையைக் கட்டினார்.

மேனேஜர் நிம்மதியாக மூச்சுவிட்டார். நர்ஸ் விடவில்லை. “மாசக்கணக்கா மாத்தாத மூத்திரக் குழாய், லேசா உடம்பு சுட்டாலே குடுக்கிற ஆன்டிபயாட்டிக், ஒருத்தரைத் தொட்டுட்டுக் கழுவாம அடுத்தவரைத் தொடுற கை. சாமி வர்றதுக்கு முன்னாடியே கிருமிக்கு இங்க பாய் விரிச்சாச்சு, சார்.”

மேனேஜருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது.

“நான் என்னம்மா பண்ணணும்?” என்றார் சித்தப்பா.

“சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு சித்தியைத் தொடுங்க.”

வாசலில் கூட்டம் இன்னும் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறது. கும்பிடுகிறவர்களே, குழாயடி பக்கத்தில்தான். கையைக் கழுவுங்கள், தன் புண்ணில் வைக்க அஞ்சிய துணியை உங்கள் அம்மா புண்ணில் வைத்தவன் யாரென்று, கழுவும்போதாவது யோசியுங்கள்.