ரைட் சொன்னதால் வந்த கடல்

அன்பும் மரியாதையும் உள்ள சித்திக்கு,

உங்கள் அக்காள் மகள் வணங்கி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் எல்லோரும் நலம். என் முழங்கால்கள் இரண்டும் மட்டும் நலமில்லை. அங்கே நீங்களும் சித்தப்பாவும், உங்கள் இருவருடைய முழங்கால்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

விஷயம் இதுதான். நீங்கள் சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்த வேலை எனக்கு வேண்டாம். அதைக் கண்டக்டரிடம் நீங்களே சொல்லிவிட வேண்டும். "நீயே போன்ல சொல்லேன்டி" என்பீர்கள். வகுப்பில் எழுந்து நிற்கப் பயந்து ஒன்பதாவதோடு படிப்பையே நிறுத்திய பெண் நான். போனில் இதுவரை "ம்" தவிர வேறு வார்த்தை சொன்னதில்லை. "ம்" என்றால் அவர் சரி என்றுதான் எடுத்துக்கொள்வார். அதனால்தான் கடிதம்.

கண்டக்டர் பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இப்போது கடற்கரை வழியாக ஆட்களை சைக்கிளில் சுற்றிக் காட்டுகிறார் என்று சொன்னீர்கள். ஆனால் அந்த பஸ் இன்னும் அவரை விட்டு இறங்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. விடியற்காலையில் அப்பாவின் சைக்கிள் ரிப்பேர் கடை வாசலில் எல்லோரையும் நிறுத்தி வைத்து என்னிடம், "ஏம்மா, உன் வண்டி கடைசியில வரணும். கடைசி சீட்டுதான் கண்டக்டர் சீட்டு. பஞ்சர், செயின் எல்லாம் உன் பொறுப்பு. நின்ன இடத்துல எல்லாரும் ஏறிட்டாங்களான்னு பார்த்து நீ 'ரைட்'னு குரல் கொடுக்காம முன்னாடி ஒரு சக்கரம்கூட உருளக் கூடாது. ரிப்பேர் உனக்கு வரும்னு உங்க சித்தி சொன்னாங்க. குரல் வருமா?" என்று கேட்டார். நான் "ம்" என்றேன். அவர் சரி என்று எடுத்துக்கொண்டார்.

வந்தவர்கள் நாலே பேர். முதலாவது ஒரு பல் டாக்டரம்மா. அவருடைய சைக்கிளை நான் சுண்டுவிரலில் தூக்கிவிடலாம், அத்தனை லேசு. அடுத்து, புதிதாகக் கல்யாணமான கணவன் மனைவி. கடைசியாக ஒரு பேங்க் அங்கிள், எனக்கு முன்னால் வருகிறவர், தொடையோடு ஒட்டிய கால்சட்டை போட்டுக்கொண்டு அதை நினைத்து நினைத்து வெட்கப்படுகிறவர். எங்கள் இருவருக்கும் அதனாலேயே ஒத்துப்போயிற்று. ஊர் தாண்டி, கடைசி வீடு தாண்டி, வலது பக்கம் கடல், இடது பக்கம் முட்புதர் என்று ஆன பிறகும் அந்தப் புதுப்பெண் கணவரிடம், "கேஸை மூடினீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். "மூடினேன்னு நினைக்கிறேன்." "நினைக்கிறேன்னா என்ன அர்த்தம்?" "நினைக்கிறேன்னா நினைக்கிறேன்தான்." அந்த நினைக்கிறேன் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கி மதியச் சாப்பாடு வரைக்கும் எங்களோடு வந்தது.

நின்ற இடத்திலெல்லாம் நான் "ரைட்" சொன்னேன், சித்தி. பொய் சொல்லவில்லை. ஆனால் அது பேங்க் அங்கிளுக்கே கேட்கவில்லை. அவர் திரும்பி என் உதட்டைப் பார்த்து, "ரைட்டாம்மா?" என்று கேட்டு, பிறகு முன்னால் இருப்பவர்களுக்கு அவர் கத்துவார். டாக்டரம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "வாயைத் திறன்னு நான் சொன்னா ஊரே பயந்துக்கிட்டாவது திறக்குது. நீ ஒருத்திதான்மா திறக்கவே மாட்டேங்கற" என்றார். கண்டக்டர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். இந்த வேலை நமக்கு இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. வெயில் உச்சியில் இருந்தபோது பேங்க் அங்கிளின் டயரில் முள் ஏறியது. எல்லோரிடமும் தண்ணீர் அநேகமாகத் தீர்ந்திருந்ததால் கண்டக்டர், "பின்னாடி ஒரு கடை பார்த்தேன், பிடிச்சுட்டு வந்துடறேன். நீங்க ரோட்டோட போய்க்கிட்டே இருங்க" என்று திரும்பிப் போனார். மற்ற மூவரும் முன்னால் போனார்கள். நான் டியூபை உருவி, தேய்த்து, ஒட்டி, காற்றடித்தேன். முடிக்கும்வரை அங்கிள் தன் நிழல் என் மேல் விழும்படி நகர்ந்து நகர்ந்து நின்றார். இப்படி ஒரு மனிதருக்காகவாவது ஒரு தடவை சத்தமாக "ரைட்" சொல்லிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி மிதித்தேன்.

கொஞ்ச தூரத்தில் மூவரும் காலை ஊன்றி நின்றுகொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா கையை ஆட்டி ஏதோ கேட்டார். காற்றில் ஒன்றும் காதில் விழவில்லை. என் குரலுக்குத்தானே காத்திருக்கிறார்கள் என்று அடிவயிற்றிலிருந்து மூச்சைப் பிடித்து, "ரைட்!" என்று கத்தினேன். சித்தி, அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். புதரிலிருந்து பறவைகள் எழுந்து பறந்தன. டாக்டரம்மா கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அத்தனை பெருமை. தார் முடிந்து மண் வந்தது, மண் முடிந்து மணல் வந்தது, பாதை கீழே இறங்கிக்கொண்டே போனது. அப்போதும் நான் பெருமையில்தான் இருந்தேன். அடியில் போய் நின்றதும் டாக்டரம்மா, "இதுதான் வழியா? ரோடு ரெண்டா பிரியுதே, எந்தப் பக்கம்னு கேட்டேன். நீதானே ரைட்டுன்னே?" என்றார்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். "ஐயோ, போகலாம்னுதான் சொன்னேன், வலது பக்கம்னு சொல்லல" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவரை எப்படிக் கூப்பிடுவது, டாக்டர் என்றா, மேடம் என்றா, அக்கா என்றா என்று யோசித்தேன். அக்காவுக்கு வந்து சேர்வதற்குள் நிமிர்ந்து பார்த்துவிட்டேன். அதன்பிறகு எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, சித்தி. ஒரு பக்கம் செங்குத்தாகச் சிவந்த பாறை. மறு பக்கம் கடல். நடுவில் ஈர மணல், கண்ணுக்கு எட்டிய வரை, ஒரு காலடி இல்லாமல். அதன் மேல் விரல் பருமனுக்குத் தண்ணீர் பரவி நின்றதால் வானம் அப்படியே கீழே இறங்கிக் கிடந்தது. மேகத்தின் மேல் சைக்கிள் விட்டோம். மணல் சிமெண்டுத் தரைபோல் இறுகியிருந்தது, சக்கரத்துக்குச் சத்தமே இல்லை. எனக்கு முன்னால் பேங்க் அங்கிள் நேராக ஒருவரும் தலைகீழாக ஒருவருமாகப் போய்க்கொண்டிருந்தார். கடையில் நாள் முழுக்க நான் பார்ப்பதெல்லாம் ஒரு ரிம்மின் அகலம்தான். இத்தனை அகலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. நெடுநேரம் கழித்து அந்தப் புதுப்பெண், "எரிஞ்சா எரியட்டும் போங்க" என்றாள். கணவர் அவள் பக்கம் கையை நீட்ட, இரண்டு சைக்கிளும் சேர்ந்து விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்தார்கள்.

நாங்கள் வந்த தடத்தைப் பார்க்க ஆசைப்பட்டுத் திரும்பினேன். இத்தனை சக்கரம் போட்ட கோடு எப்படியிருக்கும்? கோடு இல்லை. எனக்குப் பத்தடி பின்னால் தொடங்கி எல்லாம் துடைத்தது போல் இருந்தது. இன்னும் தள்ளி, நாங்கள் இறங்கி வந்த இடத்தில், கடல் பாறையின் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. இதைப் பார்க்கக்கூடிய ஆள் கடைசியில் வருகிறவள் ஒருத்திதான். அக்காவா மேடமா என்ற யோசனையெல்லாம் போய், "தண்ணி! தண்ணி!" என்று கத்தினேன். பேங்க் அங்கிள் உடனே நின்று, பாட்டிலில் மிச்சமிருந்த கடைசி மடக்கை என்னிடம் நீட்டினார். "குடிம்மா. கேட்கறதுக்கு என்ன கூச்சம்?"

"குடிக்கிற தண்ணி இல்ல அங்கிள், கடல்! கடல் வருது! எல்லாரும் மேல ஏறுங்க!"

டாக்டரம்மாவின் தலை திரும்பியது. நல்லவேளை, முன்னால் பாறை பிளந்து ஒரு ஓடை இறங்கியிருந்தது. சைக்கிள்களைத் தோளில் போட்டுக்கொண்டு தவழ்ந்து ஏறினோம். பாதி வழியில் என் வண்டி என்னைக் கீழே இழுத்தது. கீழே அப்போது மணல் இல்லை. டாக்டரம்மா தன் லேசான சைக்கிளை மேலே எறிந்துவிட்டு என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார். "விட்டுடும்மா வண்டியை!" "அப்பா திட்டுவார்!" "நான் பேசிக்கறேன்!" ஆனாலும் விடவில்லை, அங்கிள் வந்து ஒரு சக்கரத்தைப் பிடித்தார். மேலே போய்க் குப்புற விழுந்து திரும்பிப் பார்த்தால், நாங்கள் வானத்தின் மேல் ஓட்டிய அந்த இடமே கிடையாது. பாறை வரை கடல். அப்படி ஒரு இடம் இருந்தது என்று சொன்னால் நீங்கள்கூட நம்பமாட்டீர்கள்.

ரோட்டில் கண்டக்டர் தண்ணீர் கேனோடு மேலும் கீழும் அலைந்துகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ரைட்டுல திரும்பச் சொன்னது யாரு?" என்றார். நான் கையைத் தூக்கினேன். வீடு வரும்வரை அவர் என்னிடம் பேசவில்லை.

ஒரு வார்த்தையில் நாலு பேரைக் கடலில் இறக்கியவள் நான். இனி அவர் மூஞ்சியில் எப்படி விழிப்பேன்? ஆகவே நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். கண்ணை மூடினால் அந்த ஈர மணல்தான் தெரிகிறது என்பதையெல்லாம் சொல்ல வேண்டாம். சித்தப்பாவுக்கு என் வணக்கம். தம்பிக்கு முத்தங்கள். உங்கள் ஆசியை எப்போதும் வேண்டும்,

அக்காள் மகள்.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் கண்டக்டரிடம் சொல்லிவிடாதீர்கள். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அவரே கடைக்கு வந்தார். "இத்தனை வருஷமா அந்த ரோட்டுலயே போயிருக்கேன், கீழ அப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. அந்த டாக்டரம்மா சொல்லிச் சொல்லி என் தூக்கமே போச்சு. கடல் எப்ப வத்தும், எப்ப ஏறும்னு மீன்காரங்ககிட்ட விசாரிச்சு வச்சிருக்கேன். ஒரு தடவை எனக்குக் காட்டறியா?" என்று கேட்டார். வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சித்தி. "எத்தனை மணிக்கு வரணும்?" என்று வந்துவிட்டது. என்னை மறுபடி அனுப்பச் சொல்லி அம்மாவிடம் மட்டும் நீங்கள் பேசிவிடுங்கள். வெயிலைப் பற்றிச் சொன்னால் போதும், கடலைப் பற்றி வேண்டாம்.