குடும்பப் படத்தில் உடும்பு

நெய்வேலி, பிளாக் 21,
ஞாயிற்றுக்கிழமை காலை.

குறிஞ்சிப்பாடியில் தறியும் குடும்பமுமாகச் சீரோடு இருக்கும் மச்சான் சிங்காரவேல் அவர்களுக்கு, உங்கள் தங்கை மலர்கொடியின் கணவன் கொளஞ்சிநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம், தோட்டம் மிகமிக நலம். அங்கு தங்கள் நலமும், ராஜாம்பாள் அக்காவின் நலமும், வியாழக்கிழமை முதல் தங்கள் வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் மனைவியின் நலமும் அறிய ஆவல்.

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் "அவ பேசமாட்டன்றா மாப்ள" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். அவளை உடனே பஸ் ஏற்றி அனுப்பிவைக்க வேண்டும். ஏனென்றால் மச்சான், அடுக்குச் செம்பருத்தி பூத்துவிட்டது! ஆரஞ்சு! ஒரு பூ என் உள்ளங்கை அகலம்! நேற்று அதில் ஒரு தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கியதை நான் எடுத்திருக்கும் படத்தைப் பார்த்தால் நீங்கள் தறியை நிறுத்திவிட்டு ஓடிவருவீர்கள். சரி, சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ரிட்டயர்டு ஆனது உங்களுக்குத் தெரியும். எங்கள் செக்ஷனில் ஒரு வழக்கம். ஓய்வு பெறுகிறவரை மனைவியோடு மேடையில் உட்காரவைத்து, மாலை போட்டு, பின்னால் திரையில் அவர் குடும்பப் படங்களை ஓட்டுவார்கள். பிறகு மாலையோடு ஜீப்பில் ஏற்றி வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். அதற்காக என்னோடு சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்த பிரவின்குமார், "அண்ணே, அண்ணியோட இருக்கிற படமா கொஞ்சம் அனுப்புங்க" என்றான். என் போனில் படத்துக்கா பஞ்சம்? உட்கார்ந்து தேடினேன். மச்சான், நீங்கள் என் மேல் கோபப்படக் கூடாது. ஒன்றில்கூட உங்கள் தங்கைக்கு முகம் இல்லை. நந்தியாவட்டைக்குப் பக்கத்தில் முழங்கை இருக்கிறது. மயில் படத்தில் முந்தானை இருக்கிறது. எங்கள் மகள் சரிதாவின் வளைகாப்புப் படத்தில்கூட பந்தல் மேல் மாங்குயில் வந்து உட்கார்ந்துவிட்டதால் கீழே இருக்கிற எல்லாருக்கும் உச்சியிலிருந்து நெற்றி வரைக்கும்தான் விழுந்திருக்கிறது. நான் என்ன செய்யட்டும்? குருவி நிக்காது, பறந்துடும். பொண்டாட்டி எங்க போயிடப் போறான்னு நெனச்சேன். இப்ப போயிட்டா.

ஆகவே, அவளுடைய ஏதாவது ஒரு பாகம் இருக்கிற படங்களாகப் பொறுக்கி அனுப்பினேன். அதைக் குற்றம் என்று யாரும் சொல்ல முடியாது. விழா அன்று நீங்கள் பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த பட்டுப்புடவையில் அவள் மேடையில் உட்கார்ந்திருக்கிறாள், எதிரே ஷிப்ட்டில் இருக்கிற அத்தனை பேரும் குடும்பத்தோடு இருக்கிறார்கள். மைக்கில் எங்கள் செக்ஷன் இளவழகன், "அன்புத் துணைவியாருடன் நமது அண்ணன்!" என்று கணீரென்று சொல்கிறார். திரையில் உடும்பு. எங்கள் சமையலறை வாசலில், நாக்கை நீட்டிக்கொண்டு, சுவர் அளவுக்கு! ஓரத்தில் விளக்குமாறு பிடித்த ஒரு கை. சபை கொல்லென்று சிரித்துவிட்டது. இவளுக்குப் பின்னால் இருந்த உடும்பை இவளும் திரும்பிப் பார்த்தாள். நியாயமாகச் சொல்ல வேண்டும் மச்சான், படம் என்னவோ அற்புதம், செதில் செதிலாக எண்ணலாம். அதை நான் அந்த நேரத்தில் அவள் காதில் சொல்லியிருக்க வேண்டாம்.

ஜீப்பை விட்டு வாசலில் இறங்கியதும் தன் மாலையைக் கழற்றிச் செம்பருத்தி மேல் வீசினாள். நான் "ஐயோ, கிளை!" என்றேன். அதுதான் தப்பாகிவிட்டது. "இத்தினி வருசமா ஒங்களுக்குச் சோறாக்கிப் போட்டவ மொவம் ஒங்க போன்ல இல்ல. வெளக்கமாறு புடிச்ச கைதான் ஊருக்கே தெரிஞ்சிது. அந்த உடும்பையே கட்டிக்கினு குடும்பம் நடத்துங்க!" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மச்சான், வூடு வூடாவே இல்ல. ரெண்டு நாளா பன்னும் டீயும்தான். யாரைக் கூப்பிட்டு இந்தப் பூவைக் காட்டுறது? இந்தத் தோட்டத்துச் செடி அத்தனையும் அவ நட்டது. நான் சும்மா எதிரே போனைப் பிடிச்சிக்கினு நின்னவன். குவார்ட்டர்ஸை இன்னும் கொஞ்ச நாளில் காலி செய்ய வேண்டும், தோட்டம் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். அதற்குள் அவளை அவள் தோட்டத்திலேயே நிற்கவைத்து ஒரு படம், முழு முகத்தோடு எடுத்தாக வேண்டும். இனி அவளைத் தவிர வேறு எதையும் எடுக்க மாட்டேன். யானையே வந்து கேட்டைத் தட்டினாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன். வடலூர் ஜோதி மேல் ஆணை.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, தறிக்குக் கண்ணேறு படாமல் இருக்கட்டும். மலர்கொடியிடம், கொளஞ்சி திருந்திவிட்டான் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை,
கொளஞ்சிநாதன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது கேட் சத்தம் கேட்டது. உங்கள் தங்கை தானாகவே வந்துவிட்டாள்! கையில் அக்கா கொடுத்தனுப்பிய குழம்புத் தூக்கு. எனக்கு இருந்த சந்தோஷத்தில் போனை எடுத்துவிட்டேன். அவளும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேட்டருகே நின்று சிரித்தாள். அந்த நேரம் பார்த்து அவளுக்குப் பின்னால் ஏதோ ஒன்று, பழுப்பாக, குட்டிகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போகிறது மச்சான்! "ஆடாத! அப்படியே நில்லு!" என்று கத்தினேன். தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவள் இன்னும் நன்றாகச் சிரித்தாள். எடுத்துப் பார்த்தால் அவள் முகம் மட்டும் பளிச்சென்று மூக்குத்தி மின்ன விழுந்திருக்கிறது. "சே, பாழாப் போச்சே!" என்று வாய் தவறி வந்துவிட்டது. அவள் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பஸ்ஸிலேயே அங்கு திரும்பிவிட்டாள். குழம்பு ருசியாக இருந்தது என்று அக்காவிடம் சொல்லவும். படத்தைக் கடையில் பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். மலர்கொடி அதில் எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்று அவளிடமே காட்டுங்கள். காட்டிவிட்டு, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும், வலது மூலையில் தெரியும் வாலை உற்றுப் பார்த்து, அது கீரியா மரநாயா என்று உடனே எழுதவும்.